சற்றுத் தாழ்ந்த இறக்கை

எஞ்சின் இல்லாத கிளைடர் விமானத்துக்கு இறக்கை இரண்டு, சக்கரம் ஒன்றுதான். இழுவைக் கயிறு இறுகும்போது யாராவது இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும். தனியாக யாராலும் பறக்க முடியாது, கிளைடிங் கிளப் அதற்குத்தான். ஹைதராபாத்தில் பதினொரு வருடம் என் இறக்கையைப் பிடித்தவள் என் மனைவி. எப்போதும் சற்றுத் தாழ்த்தியே பிடிப்பாள்.

"கொஞ்சம் தூக்கும்மா!"

"தூக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க முன்னாடி பாருங்க."

அவள் இறந்த பிறகு நேற்றுதான் முதல்முறையாகப் பறக்கப் போனேன். ஏறி உட்கார்ந்தேன். இறக்கை தரையிலேயே கிடந்தது. அது அவள் வேலை என்றே பழகியிருந்ததால் யாரும் அசையவில்லை. கடைசியில் தார்நாகா பகுதியிலிருந்து வரும் கிளப் நண்பர் ஓடிவந்தார்.

"ஹவ் சார், ஆமா, மறந்துட்டோம். நான் புடிக்கிறேன்."

இறக்கை துளியும் சாயாமல் நின்றது. கயிற்றைக் கழற்றச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.