ஒரு கராஜும் சில கார்ட்டுகளும்

மோட்டார் சைக்கிள் திருத்துகிறவனுக்குக் கையைவிட வாய்தான் அதிகம் தேயும். கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களே, உங்களுக்கும் இதே கதைதான். காவலுக்கு இங்கிலீசில் ‘கார்ட்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை விளக்கியே கல்முனையில் எனக்குப் பன்னிரண்டு வருடம் போய்விட்டது.

மட்கார்ட்

விதைப்புக் காலம். வயல்காரர் ஒருவர் வந்தார். வயல் பாதையில் சேறு அடைத்துப் பின்சில்லு, அதுதான் பின்சக்கரம், சுற்றவில்லையாம். மட்கார்ட்டைக் கழற்றச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கழற்றிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகிற வழியில் கராஜ் வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சேட்டின் முதுகில் இருந்து தொப்பி வரைக்கும் ஒரே சேற்றுக் கோடு. “மட் எண்டா சேறாமே! முதலே தமிழில சொல்லியிருக்கலாமே மகன்?” என்றார்.

சாரி கார்ட்

புது பைக் எடுத்த ஒருவர், பின்சில்லுப் பக்கம் இருந்த சாரி கார்ட்டைக் கழற்றச் சொன்னார். “என்ட பொஞ்சாதி அபாயாதானே உடுக்கிற, சாரி கார்ட் என்னத்துக்கு காக்கா?” என்று, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டுச் சிரித்தார். நானும் மறுக்காமல் கழற்றிக் கொடுத்தேன். அது என் பிழை.

இரண்டு வாரம் கழித்து, கராஜுக்கு முன்னாலேயே ஒரு அலறல். பின்னால் இருந்த அவர் மனைவியின் அபாயா சில்லில் சுற்றி, அவ றோட்டில் கிடந்தா. கத்தரிக்கோலோடு ஓடினேன். துணியை வெட்டி எடுத்தோம். நல்ல காலம், பைக் மெதுவாகத்தான் வந்தது. குதிகாலில் சிராய்ப்பு மட்டும். அவவே எழுந்து, கிழிந்த துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னா: “சாரியோ அபாயாவோ, பேர அவர் பாக்கட்டும், நீங்க கார்ட்டப் பூட்டுங்க காக்கா.”

லெக் கார்ட்

தம்பிலுவில்காரர் ஒருவர், ஆசுபத்திரியில் செக்யூரிட்டி கார்ட். மழையில் மாடு குறுக்கே வந்து பைக்கோடு விழுந்தாராம். காலுக்கு முன்னால் இருக்கும் இரும்பு லெக் கார்ட் வில்லாக வளைந்திருந்தது. காலில் ஒரு கீறல்கூட இல்லை. புதியதைப் பூட்டிவிட்டுப் பழையதை ஒதுக்கப் போனேன். பதறிப்போய்ப் பிடுங்கினார்.

“தாங்க தம்பி, என்ட மனிசி பாக்கோணும், வளைஞ்சது இதுதான், கால் இல்ல எண்டு!”

‘கார்ட்’ என்றால் காவல் என்று எல்லாருக்கும் விளங்க வைக்க எனக்கு இன்னும் முடியவில்லை, ஆனால் விளங்காமல் கழற்றியவர்களும் முழுசாக வீடு போய்ச் சேர்ந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.