மூச்சுப் படாத கேரவன்

வின்கோவைக் கெட்டவர் என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. கிளினா ஆற்றுப் பக்கம் யார் வீட்டில் பன்றி அறுத்தாலும் கத்தி தீட்டித் தர முதலில் வந்து நிற்பவர் அவர்தான். சிசாக் நகரத்துப் பேருந்துப் பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் துருவைச் சுரண்டி, தகரம் ஒட்டி, பெயின்ட் அடித்து ஓய்வு பெற்றவர். துருவையும் ஈரத்தையும் தவிர இந்த உலகத்தில் அவருக்கு எதிரி கிடையாது.

ஒரு கேரவன் வைத்திருந்தார். காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வெள்ளை வண்டி வீடு. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒரு அடுப்பு, ஒரு மேஜை. இருபது கோடைகள் அவரும் மனைவி பாரிட்சாவும் அதை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போய் வந்தார்கள். பிறகு பாரிட்சாவுக்கு முழங்கால் போயிற்று, பயணமும் நின்றது. ஏழு வருடமாகக் கேரவன் வைக்கோல் கொட்டகைக்குப் பக்கத்தில், திறந்த வெளியில் நின்றது.

நின்றது என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. அதை நிற்க வைப்பதே அவருக்கு முழுநேர வேலை. டயர் தரையில் அழுந்தாமல் கட்டை கொடுத்துத் தூக்கி வைத்தார். வெயில் ரப்பரைத் தின்றுவிடும் என்று டயர்களுக்கு முன்னால் பலகை சாத்தினார். மழைத் தண்ணீர் கூரையில் தேங்காமல் ஓடுவதற்காக முன்பக்கம் நான்கு விரல் உயரம். ஜன்னல்களுக்கு உள்ளே வெள்ளைத் துணி. மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, குளிர்பெட்டியின் கதவைத் திறந்து விட்டு, ஈரத்தை உறிஞ்ச மூலைக்கு மூலை கிண்ணத்தில் உப்பு. மேலே போடும் துணி உறையைத் தன் கையாலேயே தைத்தார். பிளாஸ்டிக் தார்ப்பாய் போடுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "உள்ள இருக்கிற ஈரம் எந்த வழியா வெளிய போகும்? பொணத்தையா சுத்தி வெக்கிறீங்க?" என்று வேலி தாண்டிப் போய்ச் சண்டை போடுவார். சுற்றுவட்டாரத்தில் கேரவன், படகு வைத்திருந்தவர்கள் எல்லாம் அவரிடம்தான் யோசனை கேட்டார்கள். எல்லோருக்கும் முகம் கோணாமல் சொன்னார்.

"என்னைக்காவது எனக்கு ஒரு போர்வை போத்திவிட்டிருப்பியா? அந்த மகாராணிக்கு மட்டும் நாலு பக்கமும் இழுத்து இழுத்துப் போத்துற!" என்பாள் பாரிட்சா. அவர் சிரிப்பார். அவளும் சிரித்துவிடுவாள். அதுவரைக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்த நாலாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பூமி ஆடியது. வின்கோ வெளியே ஓடி வந்தபோது புகைபோக்கியின் செங்கற்கள் முற்றத்தில் சிதறிக் கிடந்தன. கேரவன் மேல் ஒன்றுகூட விழவில்லை. "கடவுள் காப்பாத்தினாரு" என்று வாய்விட்டுச் சொன்னார். அப்புறம்தான் மூன்றாவது வீட்டில் இருந்த தம்பி யோசோவின் நினைவு வந்து அங்கே ஓடினார். தம்பி வீட்டுக் கூரை உள்ளே இறங்கியிருந்தது. யோசோவும் அவன் மனைவி ஸ்லாட்டாவும் மாட்டுத் தொழுவத்தில் இருந்ததால் பிழைத்தார்கள். மூன்று பேரும் இருட்டும்வரை இடிபாட்டில் கைவிட்டுத் துணிமணியை வெளியே எடுத்தார்கள்.

பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டு வின்கோ வீட்டுக் கதவில் குடியிருக்கலாம் என்று பச்சை அட்டையும் யோசோ வீட்டில் உள்ளே போகக் கூடாது என்று சிவப்பு அட்டையும் ஒட்டிப் போனார்கள். வின்கோ தம்பியைத் தன் வீட்டுக்குக் கூப்பிடத்தான் செய்தார். ஆனால் தினமும் நாலைந்து தடவை பூமி உறுமிக்கொண்டிருந்த நேரம் அது. கூரை இறங்கியதைக் கண்ணால் கண்ட ஸ்லாட்டா எந்த வீட்டுக்குள்ளும் கால் வைக்க மாட்டேன் என்றாள். நகரத்து விளையாட்டு அரங்கில் இடம் தருகிறோம் என்று அழைத்தார்கள். நான்கு பசுக்களை யார் பார்ப்பது? புருஷனும் பெண்டாட்டியும் தொழுவத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த பழைய காரிலேயே படுத்துக்கொண்டார்கள். வாளியில் தண்ணீர் உறைகிற குளிர்.

மூன்றாம் நாள் காலை யோசோ வின்கோவின் முற்றத்துக்கு வந்தான். அறுபது வயது ஆள், இரவு முழுக்க ஸ்டீயரிங்கில் முட்டி இடித்துக் கூனிப் போயிருந்தான். வீட்டுப் பக்கம் போகாமல் கேரவனுக்கு அருகே போய் நின்றான்.

"நல்லா இருக்காண்ணே?"

"எது?"

"இதுதான். வண்டி."

"ஒரு பொட்டு ஈரம் கிடையாது" என்றார் வின்கோ. உறையின் பட்டையைச் சுண்டி இழுத்துக் காட்டினார். "மழை, வெயில் எல்லாத்துக்கும் மருந்து இருக்குடா. குளிர் காலத்துல இதுக்கு எமன் எது தெரியுமா? மனுஷ மூச்சு. ரெண்டு பேர் ஒரு ராத்திரி உள்ள படுத்தா விடியறதுக்குள்ள ஒரு லிட்டர் தண்ணி சுவத்துல இறங்கிடும். அடுப்பு மூட்டினா இன்னும் மோசம். சுவத்துக்குள்ள இருக்கிறது மரச்சட்டம். ஒரு குளிர் காலம் போதும், அட்டை மாதிரி ஊறி, கையோட வந்துரும்."

"அப்படியா" என்றான் யோசோ. கையைக் குவித்து ஊதிக்கொண்டான். "சரிண்ணே. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

அவன் எதற்காக வந்தான் என்று வின்கோவுக்குப் பாதிப் பேச்சிலேயே புரிந்துவிட்டது. புரிந்தும் மீதிப் பேச்சைப் பேசி முடித்தார். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் கொடுமை, பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே நெஞ்சு குத்தியிருக்கும்.

அவர் சும்மாவும் இருந்துவிடவில்லை. தம்பிக்கு விறகு கொண்டுபோனார். கம்பளி, புகை போட்ட இறைச்சி, ஒரு பாட்டில் பிளம் சாராயம் எல்லாம் கொண்டுபோனார். கார் ஜன்னலின் இடுக்குகளை அடைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டு கையும் நிறையப் போனார்.

"இந்தாய்யா, நீ ஊறுகாய் பாட்டில் கொண்டு போய்க் குடுக்காட்டிப் போகுது" என்று ஒரு நாள் பாரிட்சா வெடித்தாள். "கொட்டகைகிட்ட நிக்கிற அதைக் குடு. ஸ்லாட்டாவுக்கு இருமல் நெஞ்சுக்குள்ள போயிருச்சு, கேட்டியா?"

"குடுக்கமாட்டேன்னா சொன்னேன்? உறைபனி கொஞ்சம் விடட்டும். ஞாயித்துக்கிழமை இழுத்துட்டுப் போறேன்."

"உறைபனி விட்டா அவங்களுக்கு எதுக்குய்யா அது?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடலோரப் பதிவெண் போட்ட கார் ஒன்று கேரவனை இழுத்துக்கொண்டு தெருவில் வந்தது. ஓட்டி வந்தவர் பெயர் ஷீமே. ஸாடார் பக்கம் மீன் பிடிக்கிற ஆள். மாட்டை விட்டு வர முடியாமல் காரில் படுத்திருப்பவர்கள் யார் என்று கடையில் விசாரித்திருக்கிறார். யோசோ வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். முற்றத்தில் கேரவனைக் கழற்றி நிறுத்தினார். எரிவாயு உருளையை மாட்டிக் கொடுத்து, நின்றபடியே ஒரு கிளாஸ் குடித்தார்.

"உங்க விலாசம் குடுத்துட்டுப் போங்க. வெயில் காலத்துல திருப்பிக் கொண்டாந்து விட்டுர்றேன்" என்றான் யோசோ.

"திருப்பியா? சரியாப் போச்சு, போ. இதை எப்படித் தலைய சுத்தி விடுறதுன்னு என் பொண்டாட்டி மூணு வருஷமா கேட்டுட்டு இருக்கா" என்று சிரித்தார் ஷீமே. புயல் காற்று என்று மலைப்பாதையை மூடுவதற்குள் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டார். முந்நூறு கிலோமீட்டர் வந்து அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

சத்தம் கேட்டு வந்த வின்கோ அந்தக் கேரவனைச் சுற்றி நடந்தார். ஜென்மத்தில் உறை கண்டிராத வண்டி. கடல் வெயிலில் கூரை சுண்ணாம்பாக உதிர்ந்தது. விரிசல் விட்ட ஜன்னலுக்கு டேப் ஒட்டியிருந்தது. டயரில் விரல் நுழைகிற வெடிப்பு. இது நாலு மழை தாங்காது என்று நினைத்தார். நினைத்தபோது மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் சாராயம் உள்ளே போன ஒரு நாள் பாரிட்சாவிடம் சொல்லி அழுதார்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை உறையைக் கழற்றி, டிராக்டரில் மாட்டி, தன் கேரவனைத் தம்பி வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனார். வெயிலில் அது பளபளத்தது. தெருவே வேடிக்கை பார்த்தது.

"இருக்கட்டும்ணே" என்றான் யோசோ. "நமக்குத்தான் ஒண்ணு வந்துருச்சே."

"அது ஒழுகும்டா. இதுல வந்து இருங்க."

ஸ்லாட்டா இருமலுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள். "எங்களுக்கு மூச்சு கொஞ்சம் ஜாஸ்திங்க. உங்க வண்டி தாங்காது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வின்கோ வண்டியைத் திருப்பினார். உறையை மறுபடி போட மனசு வரவில்லை. ஆனால் மறுநாள் மழை வந்தது, போட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம், தன் வித்தை அத்தனையையும் ஷீமே விட்டுப் போன அந்தப் பரதேசி வண்டியின் மேல் கொட்டினார். கூரையின் இணைப்புகளைச் சுரண்டிப் பசை அடைத்தார். மேலே மரச்சட்டம் கட்டித் தகரப் பந்தல் போட்டார். யோசோ ஏணியைப் பிடித்துக்கொள்வான், ஆணி எடுத்துத் தருவான், வேலை முடிந்ததும் "ரொம்ப நன்றிண்ணே" என்பான். அறுபது வருடத்தில் அண்ணனுக்கு நன்றி சொல்லாதவன். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும் வின்கோவுக்கு.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. குளிர் காலக் காலைகளில் உள்சுவர் முழுக்கத் தண்ணீர் வழிந்தது. ஸ்லாட்டா துண்டால் துடைத்துப் பிழிந்து ஊற்றினாள். மூலையில் கறுப்புப் பூசணம் ஏறியது. இரண்டாம் வருடம் தரை மெத்துமெத்தென்று ஆகி, கட்டில் கால் உள்ளே இறங்கியது. அந்த அளவுக்கு அதற்குள் இருந்து சமைத்தார்கள், துணி உலர்த்தினார்கள், மூச்சு விட்டார்கள். இடிந்த இடத்தில் கட்டிய புது வீடு முடிந்த வாரம் கேரவனைப் பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துப் போனான். வின்கோ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சரியாக இருந்து என்ன செய்ய?

புது வீட்டு விருந்துக்கு ஷீமே குடும்பத்தோடு வந்தார், இரண்டு பெட்டி மீனுடன். யோசோ அவரைத் தன் வலது பக்கம் உட்கார வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினான். வின்கோ தோட்டத்தில் முழு ஆட்டைக் கம்பியில் கோத்துத் திருப்பித் திருப்பிச் சுடுகிற இடத்தில் நின்றார். இரண்டு வருடமாகத் தொண்டையில் கிடந்தது மூன்றாவது கிளாஸில் வெளியே வந்தது. கரி போட வந்த தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யோசோ, நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன்டா. சத்தியமா குடுத்திருப்பேன். நீ கேக்கவே இல்லையே."

யோசோ கையை உதறவில்லை. இன்னொரு கையால் கரியை நெருப்பில் போட்டான்.

"என் வீட்டுக் கூரை விழுந்ததை நீதானேண்ணே முதல்ல வந்து பாத்த? அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்கணும்?"

அவன் குரலில் கோபமே இல்லை. உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு போனான். வின்கோ அங்கேயே நின்றார். ஆடு ஒரு பக்கம் கருக ஆரம்பித்தது. பாரிட்சா வந்து திருப்பிவிட்டாள்.