வழியிலேயே முடிந்துவிடும் மீன்

பழப்புளியைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கரைக்கும்போது ஒரு மணம் எழும்புமே, அதற்கு மற்றவர்களுக்கு வாய் ஊறும். எனக்கு வயிறு எரியும். இன்று காலையும் குசினிக்குள் நின்று புளி கரைக்கையில் பழைய எரிச்சலெல்லாம் ஒன்றும் குறையாமல் திரும்பி வந்தது. பேரப்பிள்ளை கண்ட பிறகும் இதெல்லாம் தேவையா என்று நீ கேட்பாய். கேள், பரவாயில்லை. சிலருக்கு வயதுபோகப் பொறுமை வரும். எனக்கு ஞாபகசக்திதான் வந்திருக்கிறது.

முல்லைத்தீவுக் கரையில் நாங்கள் மீளக் குடியேறியிருந்த காலம். தகரக் கூரை, பாதி எழும்பிய சுவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். இவர், என் புருசன், விடியப்புறம் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்க் காலையில் கரைக்கு வருவார். பிடிபட்டதைக் கரையிலேயே ஏலம் கூறி விற்றுவிடுவார்கள். விற்க முன்னர் வள்ளத்தில் போன ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கறிக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்வது வழக்கம். வள்ளத்து முதலாளி முகம் சுளிக்கமாட்டார். இவரும் எடுப்பார். ஓலையால் இழைத்த உமலில் போட்டு, சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு புறப்படுவார். கரையிலிருந்து புறப்படும்போது அந்த உமல் நிறைய மீன் இருக்கும் என்பதற்கு ஊரே சாட்சி. வீட்டுப் படலையைத் திறக்கும்போது அதற்குள் என்ன இருக்கும் என்பதற்கு நான் ஒருத்திதான் சாட்சி.

நான் தேங்காய் துருவி, வெங்காயம் அரிந்து, புளியும் கரைத்து வைத்துவிட்டு நிற்பேன். உமலைக் கவிழ்த்தால் நாலு சின்னச் சூடை மீன் விழும். சில நாளில் ஒரு தலை மட்டும் விழும். அந்தத் தலைக்குரிய உடம்பு எந்த வீட்டுச் சட்டியில் கொதிக்கிறது என்று நான் கேட்கமாட்டேன். கேட்காமலே தெரியும். கோயிலடியில் ஒரு கிழவர், கிணற்றடியில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, புதிதாக வந்து கொட்டில் போட்டவர்கள் என்று கரையிலிருந்து வீடுவரை அந்த மணல் ஒழுங்கை முழுக்க இவருக்கு ஆட்கள் இருந்தார்கள். நான் கத்தரிக்காயை வெட்டிப் புளிக்குள் போட்டுவிடுவேன். மீனில்லாத மீன்குழம்பு என்று பிள்ளைகள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

மீன் போனதுகூடப் பரவாயில்லை. கதையும் போய்விடும். அதுதான் என்னால் தாங்க முடியாதது. ஒவ்வொரு படலையிலும் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு கேட்பார். ஆடு குட்டி போட்டுவிட்டதா, முழங்கால் உளைவு எப்படி, கட்டாரில் இருக்கிற மகன் கதைத்தவனா. கேட்டுவிட்டு ஓடுகிறவரும் இல்லை. பதில் முடியும்வரை நின்று கேட்பார். வீட்டுக்கு வந்ததும் நான் என்ன புதினம் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பார். குளிப்பார், சாப்பிடுவார், பாயைப் போட்டுப் படுத்துவிடுவார். ஊருக்கெல்லாம் பங்கு வைத்து மிஞ்சிய மனுசன்தான் எனக்கு.

ஒழுங்கை திரும்புகிற முடக்கில் பார்வதியின் வீடு. அவளுடைய ஆட்கள் மலைநாட்டிலிருந்து எப்போதோ வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டவர்கள். நாங்கள் கத்தோலிக்கர், அவள் எங்கள் வேதமில்லை. முற்றத்து வேப்பமரத்தின் கீழே சின்னதாக ஒரு பிள்ளையார் வைத்திருந்தாள். இவரை அண்ணே என்பாள். இவர் அதிக நேரம் நிற்கிற இடம் அந்த முடக்குத்தான். நீ வேறுமாதிரி நினைக்காதே. நானும் அப்படி நினைக்கவில்லை. அப்படி ஏதும் இருந்திருந்தால் சண்டை பிடித்துத் தீர்த்திருக்கலாம். குற்றமில்லாத மனுசனோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது?

ஒருநாள் தண்ணீர் அள்ளப்போன இடத்தில் பார்வதி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“அண்ணே ரொம்பப் பயந்துட்டாருங்களே அக்கா. இப்ப பரவாயில்லைங்களா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு, மெல்ல மெல்ல அவள் வாயிலிருந்தே பிடுங்கினேன். அதற்கு முந்திய கிழமை நடுக்கடலில் எஞ்சின் நின்று, வள்ளம் நீரோட்டத்தில் இழுபட்டு, கரை கண்ணுக்கு மறைந்து போயிருக்கிறது. இவர் செபமாலையைப் பிடித்தபடி அழுதிருக்கிறார். என் புருசன் அழுததை முடக்கு வீட்டுக்காரி எனக்குச் சொல்கிறாள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர். ஒன்றுமில்லை என்றவர்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த வேகத்தில் பாதித் தண்ணீர் என் சேலையில்தான் கொட்டியது.

அந்த ஞாயிறு பங்குச் சுவாமியார் பிரசங்கத்தில், ஆண்டவர் பசித்தவராகவும் அந்நியராகவும் வழியில் வந்து நிற்பார், கண்டும் காணாமல் போய்விடாதீர்கள் என்றார். முன்வரிசையில் பலர் திரும்பி இவரைப் பார்த்தார்கள். இவர் குனிந்துகொண்டிருந்தார். எனக்கு எழும்பி நின்று ஒரு கேள்வி கேட்கவேண்டும்போல் இருந்தது. ஏன் சுவாமி, ஆண்டவர் வழியில் மட்டுந்தான் வருவாரா? வீட்டுக்குள் புளி கரைத்துக்கொண்டு நிற்கிறவளின் உருவத்தில் வரவே மாட்டாரா? பாவசங்கீர்த்தனத்திலும் நான் இந்தப் பொறாமையைச் சொன்னதில்லை. பாவம் என்று தோன்றினால்தானே சொல்வதற்கு?

அடுத்த நாள் புளியையும் கரைக்கவில்லை, தேங்காயையும் துருவவில்லை. ஒரு கறிச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் முடக்கில், பார்வதியின் வேலிக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். வழியில் நிற்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும் என்றால் நானும் வழியில் நிற்கிறேன். பார்வதி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுக் கச்சான் வறுக்கப் போய்விட்டாள்.

இவர் வந்தார். என்னைக் கண்டார். சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சட்டியை நீட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் ஆட்கள் பார்க்கினம் என்று அதட்டுவார். அவர் இரண்டும் செய்யவில்லை.

“என்னம்மா, இந்த வெயிலுக்க நிக்கிறியள்? வீட்டில எல்லாரும் சுகமோ?”

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் என்னை அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதேயில்லை. சட்டியைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டேன். ஆனாலும் விடவில்லை.

“சுகமில்லை. வீட்டில ஒரு மனுசன் இருக்கிறார். கதைக்கிறேல்லை.”

“அவருக்கு என்ன செய்யுதாம்?”

“எனக்கென்னெண்டு தெரியும்? றோட்டில நிக்கிறவைக்குத்தான் சொல்லுவாராம்.”

அவர் சைக்கிளை விட்டு இறங்கினார். ஸ்ராண்டைப் போட்டார். அப்படி இறங்கி நின்று அவர் ஒருவரோடும் கதைத்ததை நான் கண்டதில்லை. உமலை ஹாண்டிலிலிருந்து கழற்றியபடி சொன்னார்.

“கடலில பயந்ததை வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாது எண்டு நினைச்சன். அதையெல்லாம் வழியில இறக்கிப்போட்டுத்தான் வாறனான். வீட்டுக்கு வரேக்க கையில ஒண்டும் மிஞ்சிறேல்லை. என்ன செய்ய?”

பிறகு எஞ்சின் நின்ற கதையை முதலிலிருந்து சொன்னார். பார்வதிக்குச் சொல்லாத ஒன்றும் அதில் இருந்தது. கரை மறைந்தபோது மூத்தவளின் முகம் நினைவுக்கு வர மறுத்துவிட்டதாம், அதற்குத்தான் அழுதாராம். நானும் அவருக்கு இவ்வளவு நாளும் சொல்லாததெல்லாம் சொன்னேன். ஒவ்வொரு விடியற்காலையும் அவருடைய சைக்கிள் சத்தம் ஓயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பதையும் சொன்னேன். உமலுக்குள் கைவிட்டுப் பெரிய விளைமீன் ஒன்றை எடுத்துச் சட்டியில் போட்டார். அன்று பார்வதிக்கு மீன் இல்லை. அதில் எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது.

அந்தச் சந்தோசத்தையும் அவள் முழுதாக அனுபவிக்க விட்டாளா? வெயிலில் நின்று பேசுகிறீர்களே என்று வறுத்த கச்சானைச் சேலைத் தலைப்பில் அள்ளிக்கொண்டு வந்து எங்கள் இருவர் கையிலும் கொட்டிவிட்டுப் போனாள். மீன் கிடைக்காத குறை அவள் முகத்தில் துளியும் இல்லை. கச்சான் நல்ல பதமாக வறுபட்டிருந்தது. அதுவும் எனக்கு எரிச்சல்தான். தின்று முடித்தேன்.

அதற்குப் பிறகு நான் அடிக்கடி முடக்கில் போய் நின்றேன். மனைவி என்று முந்திக்கொள்ள முடியாது. கிழவருக்குக் கொடுத்து, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்து, என் முறை வரும்போதுதான் எனக்கு. ஆனால் என் முறை வந்தால் அந்த மனுசன் முழுதாக என் முன்னால் நிற்பார்.

இப்போது கூலர் லொறி கரைக்கே வந்துவிடுகிறது. ஒழுங்கைக்குத் தார் போட்டுவிட்டார்கள். கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பார்வதி மகளோடு வவுனியாவுக்குப் போய்விட்டாள். வெளிநாட்டிலிருக்கும் மகன், அப்பாவுக்கு முழங்கால் ஏலாது என்று மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுத்திருக்கிறான். கரையில் ஏறினால் எங்கள் படலையில்தான் இறங்குவார். முழு மீனும் வருகிறது. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. என்ன புதினம் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார், இப்போது அது உண்மையும்கூட. யார்மீது பொறாமைப்படுவது என்று தேடிப் பார்க்கிறேன். அந்த நாளில் சட்டியோடு முடக்கில் நின்றாளே, அவள்மீதுதான் பொறாமையாக இருக்கிறது.

அதனால் இன்று புளியைக் கரைத்து மூடி வைத்துவிட்டுப் போய் அங்கே நின்றேன். சட்டி கொண்டுபோகவில்லை, சும்மாதான் நின்றேன். மோட்டார் சைக்கிள் வந்தது. ஹெல்மெட்டுக்குள் நேரே பார்த்தபடி, முடக்கில் கொஞ்சம் சரித்துத் திருப்பி, என்னைக் கடந்து போய்விட்டது.

நான் நடந்து வீட்டுக்கு வந்தபோது அவர் முகம் கழுவிவிட்டுக் கதிரையில் இருந்தார். எங்கே போனாய் என்று கேட்டார். முடக்கில் இப்பவும் ஆராவது நிற்கிறவையோ என்று பார்க்கப் போனேன் என்றேன்.

“நானும் அந்த முடக்காலதானே வந்தனான்,” என்றார். “அங்க ஒருத்தரும் நிக்கேல்லை.”