ஜெராய் மலையில் பார்த்த பானைகள்

தேங்காய் எண்ணெய் உறைந்து வெள்ளையாகும் என்பதை என் இருபத்தேழாவது வயதில், ஜெராய் மலைமேல்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அட்டை கடித்த இடத்தில் தடவுவதற்கென்று உங்கள் அம்மா ஒரு சின்னப் போத்தலில் கொண்டு வந்திருந்தாள். திறந்து கவிழ்த்தால் எண்ணெய் விழவில்லை. "எண்ணெ கெட்டுப்போச்சுங்க" என்றாள். கூட வந்த பெண்கள் போத்தலைக் கைமாற்றி ஆளுக்கொரு முறை முகர்ந்து பார்த்தார்கள். எல்லாரும் கெடா மாநிலத்தில், மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். வெயில், மழை இரண்டைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள். குளிரால்தான் அப்படி ஆகியிருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பயணத்தைப் பற்றி நீங்கள் அரைகுறையாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மா ஒரு மாதிரி சொல்வாள், நான் ஒரு மாதிரி சொல்வேன். நடந்தது நடந்தபடி இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

அப்போது நாங்கள் சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் பால்மரம் வெட்டினேன், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. அது உங்களுக்குப் பள்ளிப் பாடம். எங்களுக்கு அது முள்கம்பி வேலியும், வாசலில் நிற்கும் துப்பாக்கியும்தான். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தைச் சுற்றி வேலி. காலையில் வேலைக்குப் போகும்போது ஆண்களையும் பெண்களையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு கவளம் சோறு கொண்டுபோக முடியாது. காட்டில் ஒளிந்திருந்து வெள்ளைக்காரர்களோடு சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுத்துவிடுவோமாம். எங்கள் லயத்தில் ஒருவர் பசி தாங்காதவர். ஒருநாள் சோற்றுப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு போய்ப் பிடிபட்டார். எட்டு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தார். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. ஆனால் வந்தவர் பழைய ஆளாக வரவில்லை.

பிறகு எங்கள் வட்டாரம் அமைதியாகிவிட்டது என்று சொல்லிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து ஆபீஸ் கணக்குகளைப் பார்க்கும் பெரிய கிராணியாருக்கு இந்த யோசனை வந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சனங்கள் இத்தனை வருடம் வேலிக்குள்ளேயே கிடந்துவிட்டார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கூட்டிப் போய்ச் செடி கொடிகளைக் காட்டிக் கொண்டுவருவோம் என்றார். துரையிடம் பேசி லாரி வாங்கினார். காட்டு இலாகாவில் வேலை பார்க்கும் ஒரு மலாய்க்காரரை வழிகாட்டியாகப் பிடித்தார். எல்லாம் செய்துவிட்டு, புறப்படும் நாளில் காய்ச்சலில் படுத்துக்கொண்டார்.

"உமக்கு மலாய் தெரியும்தானே. நீர் கூட்டிக்கொண்டு போம்" என்று போர்வைக்குள்ளிருந்து என்னிடம் சொன்னார்.

எனக்குத் தெரிந்தது பாசாரில் மீன் வாங்குகிற மலாய். ஆனாலும் பெரிய கிராணியார் வாயால் அப்படிச் சொன்னதும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சட்டைப் பையில் ஒரு பேனாவைக்கூடச் செருகிக்கொண்டேன். எழுத ஒன்றும் இல்லை.

இருபத்திரண்டு பேர் லாரியில் ஏறினோம். உங்கள் பெரியக்காவுக்கு அப்போது மூன்று வயது. பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்தோம். சோறு கொண்டுபோகலாம் என்று சொல்லியும் ஒரு பெண்கூடச் சோறு கட்டவில்லை. கை பயந்து பழகிவிட்டது. வழியில் குருனில் ஒரு காக்கா கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் கடையில், நிறுத்தி ரொட்டி வாங்கினோம். கடைக்காரர் கல்லாவிலிருந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கண்ணே, கல்யாணமா?"

"மலைக்கு. சும்மா பாத்துட்டு வர."

"சும்மாவா? மரத்த வெட்டுறவங்க மரத்தப் பாக்கப் போறீங்களா? நல்லா இருக்கு லா!" என்று சிரித்தார். ஆனாலும் எங்களுக்காக இரண்டு ரொட்டி கூடப் போட்டுக் கட்டச் சொன்னார்.

வழிகாட்டி மலையடியில் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். குள்ளம், தொடை மட்டும் பனைமரம் மாதிரி. நாங்கள் அவரைப் பாக் சிக் என்று கூப்பிட்டோம். மலாயில் அது மாமா மாதிரி. அவர் என்னைத் தம்பி என்றார். ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். பார்க்கலாம், முகரலாம், பறிக்கக் கூடாது. நான் அதை உரக்கத் தமிழில் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஏறினோம். முதல் ஒரு மணி நேரம் ரப்பர்க் காட்டில் வேர்க்கிற வேர்வைதான். அதற்கப்புறம் காற்று மாறியது. எப்படிச் சொல்வது? கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது முகத்தில் படுமே ஒரு குளுமை, அது மலை முழுக்க இருந்தது. கற்களில் பாசி. மரத்துக்கு மரம் தாடி போலத் தொங்கும் பச்சை. பால்மரம் வரிசையாக நிற்கும், எண்ணிவிடலாம். இங்கே ஒரு மரம்கூட இன்னொன்றைப் போல இல்லை. இந்தக் காட்டைத்தான் நாங்கள் பத்து வருடமாகப் பேய்வீடு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாக் சிக் ஒரு இலையைக் கசக்காமல் விரலால் நீவி மூக்கருகே பிடிக்கச் சொன்னார். இஞ்சி வாசனை வந்தது. ஒரு பறவை மரம் அறுப்பது போல இறக்கையை அடித்துக்கொண்டு தலைக்கு மேலே போயிற்று. பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். உங்கள் அம்மாவின் கையில் மயிர் சிலிர்த்து நின்றதைப் பார்த்து, "காய்ச்சலா?" என்று கேட்டேன். "இல்லங்க, நல்லா இருக்கு" என்றாள். அவள் அப்படிச் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

உச்சிக்குச் சற்றுக் கீழேதான் அந்தச் செடி. கொடி மாதிரி படர்ந்திருந்தது. ஒவ்வோர் இலையின் நுனியிலும் ஒரு சின்னப் பானை தொங்கியது. பானைக்கு மூடிகூட உண்டு. உள்ளே தண்ணீர். தண்ணீரில் எறும்பு செத்து மிதந்தது. பாக் சிக் அதை "பெரியோக் கெரா" என்றார். பெரியோக் என்றால் சமையல் பானை. கெரா என்றால் குரங்கு.

நான் விளக்கியதும் சிரிப்பு அடங்கவே இல்லை.

"அப்ப குரங்கு பொங்க வைக்குமா அண்ணே?"

"வைக்கும். ஒன் வீட்டுக்காரருக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கும்."

"அவருக்கு எதுக்கு? சொந்தக்காரன்தானே, அவரே போயி சாப்புடுவாரு!"

என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு பாக் சிக்கும் சிரித்தார். உச்சியில் நின்றபோது கீழே வயல்வெளியும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன. ரொட்டி ஆறிப்போய்த் தோல் மாதிரி இருந்தது. அன்றைக்குச் சாப்பிட்டது போல எந்த ரொட்டியும் ருசித்ததில்லை.

இறங்கி லாரி ஏறினோம். பாக் சிக் வீடு போகிற வழியில்தான் என்பதால் எங்களோடு பின்னால் உட்கார்ந்துகொண்டார். பெரிய ரோட்டைத் தொடுவதற்கு முன் போலீஸ் தடுப்பு ஒன்று இருந்தது. காலையில் அங்கே யாரும் இல்லை. இப்போது மணல் மூட்டைக்குப் பின்னால் ஐந்தாறு பேர். அவர்களுக்குத் தலைவர் ஓர் இளம் கார்ப்பரல். பட்டணத்துப் பிள்ளை என்பது பார்த்தாலே தெரிந்தது. சப்பாத்தில் சேறே இல்லை.

அடையாள அட்டைகளைப் பார்த்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டார். மலைக்கு என்றேன். மலையில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். பேசாமல் மரம் என்று சொல்லியிருக்கலாம். சட்டைப் பையில் பேனா இருந்ததே, அது சும்மா இருக்க விடவில்லை.

"மலைமேல நெறைய பெரியோக் இருக்கு, துவான். தண்ணிகூட இருக்கு" என்று மலாயில் சொன்னேன். துவான் என்றால் ஐயா.

கார்ப்பரலின் முகம் மாறியது. "பெரியோக்? காட்டிலா?"

நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். லாரியில் இருந்தவர்களும் எனக்குத் துணையாக, "ஆமா, ஆமா, பெரியோக்! பாஞாக்!" என்றார்கள். பாஞாக் என்றால் நிறைய.

"யாருடையது?" என்று கேட்டார்.

இங்கேதான் பிள்ளைகளே, நான் யோசித்துவிட்டேன். கெரா என்ற சொல் அந்த நேரத்தில் மறந்துவிட்டது. குரங்குக்கு எனக்குத் தெரிந்த இன்னொரு மலாய்ச் சொல் மோஞெட். ஆனால் அது தோட்டத்தில் எங்களைத் திட்டுகிற சொல். வேலையை மேற்பார்க்கிற தண்டல் காலையில் வாய் திறந்தால் அதுதான் வரும். துப்பாக்கி வைத்திருக்கிற ஓர் அதிகாரி முன்னால் அதைச் சொல்வது மரியாதையா? மரியாதையாக என்ன சொல்லலாம் என்று தேடினேன். தமிழ்ப் பள்ளியில் என் பாடப் புத்தகத்தில் ஒரு பெரிய குரங்கின் படம் உண்டு. அதன் கீழே ஓராங் ஊத்தான் என்று போட்டிருக்கும்.

"ஓராங் ஹுத்தான் பூஞா, துவான்" என்றேன்.

ஓராங் ஹுத்தான் என்றால் மலாயில் காட்டு மனிதன், பூஞா என்றால் உடையது. காட்டு மனிதன் என்றால் அந்தக் காலத்தில் யார் என்று ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் தெரியும். மலைமேல் நிறையச் சமையல் பானைகள், தண்ணீரோடு, காட்டு மனிதர்களுடையது. நான் சொன்னது அதுதான்.

பாக் சிக் வாயைத் திறப்பதற்குள் துப்பாக்கிகள் தோளைவிட்டு இறங்கின. எங்களை இறக்கி ரோட்டோரம் உட்கார வைத்தார்கள். பாக் சிக்கை மட்டும் தனியாக நிறுத்தினார்கள். முகாமைப் பார்த்துவிட்டு ஏன் வந்து சொல்லவில்லை? எத்தனை நாளாகத் தெரியும்? பாக் சிக் அது பெரியோக் கெரா என்கிற செடி என்றார். இலையில் பானை காய்க்கும், தண்ணீர் ஊறும், பூச்சியைத் தின்னும் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். இப்போது யோசித்தால், பார்க்காத ஒருவருக்கு அது எவ்வளவு கேவலமான பொய்யாகத் தோன்றியிருக்கும்! இத்தனை சனமும் பானை என்கிறது, நீ மட்டும் செடி என்கிறாயா என்று கார்ப்பரல் கத்தினார். நான் எழுந்து, "செடிதான், துவான்" என்றேன். உட்கார் என்றார். முதலில் ஒன்று, இப்போது ஒன்று சொல்கிறவனை யார் நம்புவார்கள்?

பாக் சிக்கின் கையைப் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் என்ன சொன்னேன் என்றே புரியாமல் பார்த்தார். சோற்றுப் பொட்டலத்தோடு போய் எட்டு மாதம் கழித்து வந்தவர்தான் எனக்கு ஞாபகம் வந்தார். அவர் ஒரு தப்பாவது செய்திருந்தார். இந்த மனிதர் எங்களுக்குச் செடி காட்டினார், அவ்வளவுதான்.

அப்போது உங்கள் அம்மா எழுந்தாள். யாரும் கேட்கவில்லை. மடியில் சொருகியிருந்த ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, சுற்றியிருந்த இலையைப் பிரித்து, இரண்டு கையாலும் கார்ப்பரலிடம் நீட்டினாள். அதே பானை. மூடியோடு. எப்போது பறித்தாள் என்று எனக்கே தெரியாது.

"இதாங்கய்யா பெரியோக்கு" என்று தமிழிலேயே சொன்னாள்.

கார்ப்பரல் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியைத் தூக்கினார். உள்ளே விரலை விட்டார். வெளியே எடுத்த விரலில் செத்த எறும்பு ஒட்டியிருந்தது. பின்னால் நின்ற வயதான போலீஸ்காரர் ஒருவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும். கார்ப்பரலின் காது சிவந்துவிட்டது. பாக் சிக்கை விடச் சொன்னார். என்னை முன்னால் அழைத்து, பெரியோக் கெரா, பெரியோக் கெரா என்று மூன்று முறை முழுதாகச் சொல்ல வைத்தார். சொன்னேன். பானையை மட்டும் திருப்பித் தரவில்லை. மணல் மூட்டைமேல் வைத்துக்கொண்டார்.

லாரி நகர்ந்த பிறகு, "மிந்தா மாஃப், பாக் சிக்" என்று மன்னிப்புக் கேட்டேன். அந்த இரண்டு சொல்லும் சரிதானா என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, மோஞெட் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே" என்றார். ஏன் சொல்லவில்லை என்று விளக்கினேன். மரியாதைக்காக என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு உங்கள் அம்மாவைப் பார்த்து விரலை ஆட்டினார். பறிக்கக் கூடாது என்றேனே! அவள் தலையைக் குனிந்துகொண்டு, "புள்ளைக்குக் காட்டத்தான்" என்றாள். நான் மொழிபெயர்த்தேன், மிகவும் பயந்து, ஒவ்வொரு சொல்லாக. அவர் ஆட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

அவர் தன் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இறங்கிக்கொண்டார். நான் டிரைவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். பாக் சிக் தென்னை மரங்களுக்கு நடுவே நடந்து, வீட்டுப் படியேறி, கால் கழுவி, உள்ளே போனார். கதவு சாத்திய பிறகுதான் லாரியை எடுக்கச் சொன்னேன்.

தோட்டம் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது. உங்கள் பெரியக்கா பக்கத்து வீட்டு அக்காவின் இடுப்பிலிருந்து தாவி வந்து, "எனக்கு என்ன கொண்டாந்தீங்க?" என்று அம்மாவின் கையைப் பிரித்துப் பார்த்தாள். கை வெறுங்கை. அம்மா வாசலிலேயே உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் குவித்துப் பானை மாதிரி செய்து, கட்டைவிரலை மூடியாக வைத்தாள்.

"அது என்னன்னா பாப்பா, மலைமேல கொரங்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீங்க சும்மா இருங்க. நான் சொல்றேன்" என்றாள்.

சும்மா இருந்தேன். அவள் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள்.