சொல்லிக்கொண்டு போவது

டாக்டர் என்னிடம் பேசியதைவிட என் கணவரின் இடது காலிடம்தான் அதிகம் பேசினார். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிற அன்று, அந்தக் காலைத் தட்டித் தட்டிச் சொன்னார்: "வீட்டுக்குள்ள சுவரப் புடிச்சிக்கிட்டு நடக்கது நடையே இல்ல. தெருவுல இறங்கணும். கல்லு, மண்ணு, பள்ளம், மேடு எல்லாம் இதுக்குத் தெரியணும். தினமும் காலையில போகணும். விட்டுட்டீங்கன்னா அப்புறம் கட்டில்தான்."

அந்தக் கடைசி வார்த்தையோடுதான் வீட்டுக்கு வந்தேன். எங்களுக்கு எங்களை விட்டால் ஆள் கிடையாது. நான் காலையில் ஆபீசுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். அவர் படுத்துவிட்டால் யார் பார்ப்பது? நான் வேலையை விட்டால் யார் சோறு போடுவது?

நடக்க வைப்பதுதானே, வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எங்கள் தெருவை மறந்துவிட்டேன்.

பாளையங்கோட்டையில் வாய்க்காலை ஒட்டிய தெரு. நல்ல மனிதர்கள், அதுதான் தொந்தரவே. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி, எப்படி ஆச்சு என்று. நாக்கும் கொஞ்சம் இழுத்திருந்ததால் அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிடும். முடித்து நிமிர்ந்தால் வாசலில் அடுத்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். தன் மச்சானுக்கும் அம்பாசமுத்திரத்தில் இப்படித்தான் வந்தது, மாசம் முடியவில்லை, போய்விட்டான் என்று ஒரு அண்ணாச்சி காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். அந்த டம்ளரைப் பிடுங்கிக் கொட்டலாமா என்று வந்தது எனக்கு.

எதிர்வீட்டு அக்கா வந்த அன்றுதான் எல்லாம் கெட்டது. இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நிஜமான அழுகை. மூக்கைச் சிந்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, எழுந்து, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்கள். துட்டி வீட்டில் மட்டும்தான் அதைச் சொல்லக் கூடாது. செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனவர்கள் கேட்டு முடித்ததும் பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அழுத பழக்கத்தில் அக்காவின் கால் தன்பாட்டுக்குப் போய்விட்டது. பாவம், அவளுக்கே தெரிந்திருக்காது.

இவருக்குத் தெரிந்தது.

"பாத்தியாட்டி? சொல்லாம போறா," என்றார். "எனக்கே துட்டி கேட்டுட்டுப் போறா."

அதோடு சரி. வாசற்படி தாண்ட மாட்டேன் என்றுவிட்டார். கெஞ்சினேன். விடியுமுன் போய் வந்துவிடலாம் என்றேன். "அப்பத்தான் எல்லாவளும் வாசத் தெளிக்க நிப்பாளுவ," என்றார். டிவி ரிமோட்டைக் கைப்பையில் போட்டு ஆபீசுக்குக் கொண்டுபோனேன். அணைந்த டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டினி கிடந்தேன். அவரும் சாப்பிடவில்லை, அவ்வளவுதான் கண்ட லாபம். அந்தக் கால் என் கண்ணெதிரே மெலிந்துகொண்டு வந்தது. எண்ணெய் தேய்த்துவிடும்போது கெண்டைச்சதை என் கைக்குள் அடங்கியது. ஒரு நாள் தாங்க முடியாமல் கத்திவிட்டேன்.

"இப்படியே உக்காந்து உக்காந்து சாகத்தான் போறீய. நான் என்ன செய்ய? என்னையும் கூடவே கொண்டு போயிருங்க!"

அவர் அழுதார். நானும் அழுதேன். எனக்கு வேறு வழியே தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில், அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பினால் அவர் நாற்காலி காலி. கதவு திறந்து கிடந்தது. கைத்தடியைக் காணவில்லை.

தெருவில் யாரும் பார்க்கவில்லை என்றார்கள். எதையும் பார்க்கத் தவறாத தெரு, அன்றைக்கென்று பார்க்கவில்லை! பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்து வாய்க்கால் கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது நினைப்பு வந்ததும் செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

தெரு முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில், மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் சேறு. எங்கேயோ விழுந்து எழுந்திருக்க வேண்டும். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டு வரக் கூடாதா?" எனக்கு மூச்சு இரைத்தது. "போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வருவேனான்னு எனக்கே தெரியல," என்றார். "ஒங்கிட்டப் போயி பொய் சொல்லவா? அதான் சொல்லல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் சொன்ன கல், மண், பள்ளம், மேடு எல்லாவற்றையும் அந்தக் கால் அன்றைக்குத்தான் பார்த்திருந்தது. அதற்குச் சந்தோஷப்பட எனக்குத் தெம்பில்லை.

"எந்திரிங்க, பைய போவோம்," என்றேன். பைய வந்தோம். எதிர்வீட்டு அக்கா என்னவோ கேட்க வாயெடுத்தாள். நான் பார்த்த பார்வையில் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது தினமும் காலையில் நடக்கப் போகிறார். அதே வாய்க்கால் கரைதான், வேறு பாதை வேண்டாம் என்கிறார். நான் கூட வருவதும் வேண்டாமாம். வந்தால் அன்றைக்கு நடையே இல்லை என்கிறார். கால் இன்னும் இழுக்கத்தான் செய்கிறது. தேறி வருகிறது என்று டாக்டர் சொல்லும்போது தலையை ஆட்டி வைக்கிறேன். எனக்கு அந்தக் காலைப் பற்றிய கவலை போய் எத்தனையோ நாளாகிறது.

அவர் கிளம்பும்போது கேட்டைத் திறக்காமல் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த வார்த்தை வருகிற வரைக்கும் எனக்கு உயிர் என்னிடம் இருக்காது. சில நாள் சட்டென்று சொல்லிவிடுவார். சில நாள் வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் அவரை அவசரப்படுத்துவதில்லை. என் வற்புறுத்தலுக்குச் சொன்னால் அதை நம்பி நான் எப்படி ஆபீசுக்குப் போவேன்?

இன்று காலை ரொம்ப நேரம் நின்றார். உள்ளே பால் பொங்கி வழிந்து தீய்கிற வாடை வந்தது. நான் நகரவில்லை.

"போயிட்டு வாரேன்," என்றார்.

கேட்டைத் திறந்தேன்.