முகத்துக்குப் பதில் வைத்த படம்

‘புதன். பனி. கம்பெனி பஸ் தாமதம். அவர் கேட்டது: இன்னிக்கு ஏன் பச்சை துப்பட்டா போடல?’

என் டைரியில் ஒரு தை மாதப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். கிழமை, வானிலை, பஸ், அன்று நடந்ததில் ஒன்று. இதற்கு மேல் நான் எழுதுவதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் பார்த்ததே இல்லை. இணையத்தில் ஓர் இலவச அரட்டைத் தளத்தில் பழக்கம். அவருக்கு என் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. நான் சென்னையில் இருப்பதாகச் சொல்லியிருந்தேன். அவர் பெங்களூரில் ஒரு வங்கியில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். நான் குடியாத்தத்தில் பஸ் ஏறி ஆம்பூருக்குப் போகிறவள். முந்தைய நாள் பச்சைத் துப்பட்டா போட்டிருந்தேன். அன்று போடவில்லை.

எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் நடந்து, ஒத்துவராமல் முடிந்து, அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அண்ணனுக்கு லுங்கி நெய்யும் விசைத்தறி. எனக்கு ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூம் வேலை. தோல் பதனிடும் டேனரியிலிருந்து வரும் துண்டுகளில் தேதியும் நிறமும் எழுதி ஒட்டி, எதை வெளிநாட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள், எதைத் திருப்பிவிட்டார்கள் என்று பதிந்து வைக்க வேண்டும்.

அந்தத் தளத்தில் ஒரு பெயர் போட்டால் போதும், உள்ளே விட்டுவிடுவார்கள். யார் எவர் என்று கேட்பதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. எல்லோருக்கும் அதே வசதிதான் என்பதை நான் போதுமான அளவு யோசிக்கவில்லை.

மற்றபடி, எதையும் படித்துவிட்டுச் செய்கிறவள் நான். இதற்கென்றே புது மின்னஞ்சல், பொய்ப் பெயர். போன் நம்பர் கொடுப்பதில்லை. படம் வைக்கும் இடம் மட்டும் காலியாக இருந்தது. பூவும் சாமியும் வைக்கப் பிடிக்கவில்லை. அன்று மேசை மேல் ஒரு வெட்டுத் துண்டு கிடந்தது. ஒயின் சிவப்பு, ஜன்னல் வெளிச்சம் பட்டால் உள்ளுக்குள் கொஞ்சம் கறுப்பு தெரியும். அதைப் படமெடுத்து வைத்தேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நல்ல தோல் ஒன்றைப் பார்த்தால் அழகாகத்தான் தெரியும். அது நம்மைக் காட்டிக்கொடுக்கும் என்று தோன்றாது.

அவர் நன்றாகப் பேசினார். படித்த நாவல்கள், மழை, ஆபீஸ் காப்பி. பணம் கேட்கவில்லை, போட்டோ கேட்கவில்லை, வீடியோவில் வரச் சொல்லவில்லை. நான் படித்திருந்த எச்சரிக்கைகள் எல்லாம் கேட்கிறவர்களைப் பற்றியவை. எதையுமே கேட்காதவரை எந்தப் பட்டியலில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரும் பஸ் மாதனூரில் திரும்பும்போது அவர் அரட்டையில் வருவார். குடியாத்தம் வரும் வரை பேசுவோம். அந்த நேரத்துக்காகவே பகல் முழுவதையும் கடத்திய நாட்கள் உண்டு.

ஒரு தடவை என் படத்தைப் பற்றிச் சொன்னார். ‘இது செம்மறி இல்லை, வெள்ளாடு. மயிர்க்கால் வரிசையைப் பார்த்தாலே தெரியுது.’ வங்கிக்காரருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். இணையத்தில் தேடிப் பார்த்ததாகச் சொன்னார். என் படத்துக்காக இவ்வளவு மெனக்கெட்டாரே என்று சந்தோஷப்பட்டேன்.

புதன்கிழமைக் கேள்வி வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். படித்த பிறகு தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் யாராவது என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று பயம். நான் படமாக வைத்திருந்த அந்தச் சிவப்புத் தோல் அப்போது சந்தைக்கே வரவில்லை என்பது குனிந்த தலையோடு இருக்கும்போதுதான் உறைத்தது. அதைச் செய்த டேனரியில் இருந்தது, எங்கள் சாம்பிள் ரூமில் இருந்தது. வேறெங்கும் இல்லை. அதை வைத்து என்னைக் கண்டுபிடித்தவர் இந்த இரண்டு இடங்களில் ஒன்றின் ஆள்.

அவர் என்னை என்ன செய்வார் என்ற பயத்தைவிட, வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்ற பயம் பெரிது. விஷயம் அண்ணன் காதுக்குப் போனால் மறுநாளே வேலையிலிருந்து நிறுத்திவிடுவார். அந்த வேலை ஒன்றுதான் எனக்கென்று இருப்பது.

மறுநாள் கேன்டீனில் எதிரே உட்கார்ந்தவள் செக்கிங் பிரிவுத் தோழி. வீட்டில் உருது பேசுகிறவள், என்னைவிடச் சின்னவள்.

“இன்னாக்கா, சோத்தப் பிசைஞ்சிட்டே இருக்கீங்க?”

சொன்னேன். போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் படித்தாள்.

“நல்லாதான் பேசறான். என் வூட்டுக்காரரு கல்யாணம் ஆனதுலேர்ந்து மொத்தமா இவ்ளோ பேசினதில்ல.”

“வெளையாடாதடி.”

“வெளையாடலக்கா. பேஜாரான ஆளு இவன். எதையும் அழிச்சிடாதீங்க. எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கும் அனுப்பி வைங்க.”

“பிளாக் பண்ணிடட்டுமா?”

“பண்ணா அவன் உங்களப் பாப்பான், உங்களுக்கு அவனத் தெரியாது. ஒரு தபா மூஞ்சியப் பாத்துக்கலாம். கூட்டம் ஜாஸ்தியா இருக்கற எடமா வரச் சொல்லுங்க. பகல்ல. நான் வர்றேன், குடும்பத்தோட.”

“குடும்பத்தோடயா?”

“பிரியாணி ஓட்டலுக்குத் தனியா போய்ட்டு வந்தா என்னைய வூட்ல வுடுவாங்களா?”

வரச் சொல்லி நான் செய்தி அனுப்பியதும் அவர் ஒப்புக்கொண்டார். ஞாயிறு மதியம், ஆம்பூரில் ஓர் ஓட்டலின் மாடி. பெண்களையும் குடும்பமாக வருகிறவர்களையும் மட்டும்தான் அங்கே ஏற்றுவார்கள். தனியாக வரும் ஆண் படியேறினால் சர்வர் தடுப்பார், நமக்குத் தெரிந்துவிடும் என்பது தோழியின் கணக்கு. அவள், கணவர், இரண்டு பெண் பிள்ளைகள் ஒரு மேசையில் இருந்தார்கள். நான் படிக்கட்டைப் பார்த்து உட்கார்ந்தேன். யாரும் தடுக்கப்படவில்லை. யாரும் என்னிடம் வரவில்லை. பாதிச் சாப்பாட்டை வைத்துவிட்டு இறங்கினேன். தோழியும் பின்னால் வந்தாள். வாசலில் நிற்கும்போது செய்தி வந்தது.

‘உங்க தோஸ்துக்குக் கத்தரிக்காய் ரொம்பப் பிடிக்கும் போல. ரெண்டு தடவை வாங்கினாங்க.’

அவள் படித்தாள். கேலி எதுவும் வரவில்லை.

“மேலதான் இருந்திருக்கான்,” என்றாள்.

மேலே இருந்தவர்களை நினைவுபடுத்திப் பார்த்தேன். கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த ஒரு கூட்டம், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, இரண்டு கல்லூரிப் பெண்கள், மகள்களோடு வந்த பெரியவர் ஒருவர். தனி ஆள் இல்லை. அப்படியென்றால் அவர் தன் குடும்பத்தோடு வந்து, அவர்களுக்குப் பரிமாறிக்கொண்டே மேசைக்கு அடியில் இதைத் தட்டெழுதியிருக்க வேண்டும்.

நான் வீட்டில் சொல்லமாட்டேன் என்ற நம்பிக்கை மட்டும்தான் அவர் கையில் இருந்தது. ஊர் திரும்பும் வழியில் அதைப் பற்றியே யோசித்தேன். சாயங்காலம் தறிக்கூடத்தில் அண்ணனும் அண்ணியும் இருக்கும்போது சொன்னேன். அண்ணன் தறியை நிறுத்தப் போனார்.

“ஓட வுடுங்க,” என்றாள் அண்ணி. “நிறுத்தினா பக்கத்து வூட்டுக்கும் சேத்துதான் கேக்கும்.”

அந்தச் சத்தத்துக்குள் முழுவதையும் சொல்லி முடித்தேன்.

“நாளைலேர்ந்து போவாத,” என்றார் அண்ணன். “வூடு இருக்குது, தறி இருக்குது.”

“அவ எதுக்கு நிக்கணும்? எவனோ எட்டிப் பாத்தான்னு நாம ஜன்னல செவுரு வச்சி அடைக்கணுமா?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது.”

“தெரியாமதான் கேக்கறேன். வேலைய வுட்டா அவன் வுட்டுடுவானா?”

அண்ணன் அறுந்து கிடந்த இழை ஒன்றை எடுத்து முடிச்சுப் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமல், “காலைல லீவு சொல்லிடு. போலீசுக்கு நான் கூட வர்றேன்,” என்றார்.

வேலூரில் சைபர் கிரைம் பிரிவிலிருந்த பெண் அதிகாரி எல்லா ஸ்கிரீன்ஷாட்டுகளையும் வாங்கிக்கொண்டார். “நேர்ல வரச் சொன்னதுதாம்மா பெரிய தப்பு. மொதல்லயே எங்ககிட்ட வந்திருக்கணும்,” என்றார். அவர் சொன்ன பிறகுதான் என் கணக்கை மூடினேன். அதற்குள் எதிர்ப்பக்கத்துக் கணக்கு காணாமல் போயிருந்தது. தளம் வெளிநாட்டினுடையது, விவரம் கேட்டு எழுதியிருக்கிறோம் என்றார்கள்.

அதே பஸ்ஸில்தான் இன்றும் போகிறேன். பின் சீட்டில் உட்காருகிறேன், எல்லோருடைய முதுகும் தெரியும். டேனரியிலிருந்து ஆள் வந்து துண்டுகளைப் பரப்பி வைத்து, “எப்படி இருக்குது மேடம்?” என்று கேட்கும்போது அந்த ஆளின் கையைப் பார்க்கிறேன், பிறகு முகத்தை. ஒரு நொடி, எல்லோரும் அவராகத்தான் இருக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களிடம், போனில் என்ன படம் வைத்திருக்கிறாய், காட்டு என்று கேட்கிறேன். சிலர் சிரித்துக்கொண்டே காட்டுகிறார்கள். ஒருத்தி அன்றே மாற்றிக்கொண்டாள்.

கைக்குழந்தையோடு வந்த அந்தக் கணவன்தான் என்று தோழி அடித்துச் சொல்கிறாள். அண்ணியோ, அது ஒரு பொம்பளை, எந்த ஆம்பளைக்கும் இவ்வளவு பொறுமை கிடையாது என்கிறாள். வெளிநாட்டுத் தளத்திலிருந்து பதில் வரவில்லை. அவர் எங்கள் கம்பெனியா டேனரியா, ஆணா பெண்ணா, ஒருவரா ஒருவருக்கு மேலா என்பது இதை எழுதும் நாள் வரை உறுதிசெய்யப்படவில்லை.