முப்பத்தொரு விண்மீன்களோடு சதுரங்கப்பட்டினத்துக்கு

காலை 5.50, நாவலூர். பையில் மடிக்கணினி, தண்ணீர், தொப்பி, நான்கு பக்கக் குறிப்பு. தோழி செல்வி விடுமுறைக்காகச் சதுரங்கப்பட்டினத்தில் தன் வீட்டில் இருந்தாள். மதியம் பன்னிரண்டுக்குள் நாங்கள் இருவரும் ஒரு முடிவெடுக்க வேண்டும்.

நம் பால்வெளியைச் சுற்றிக் குட்டி விண்மீன் மண்டலங்கள் இருக்கின்றன. சில மிக மங்கலானவை. படத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓரிடத்தில் அக்கம்பக்கத்தைவிட விண்மீன்கள் கூடுதலா என்று எண்ணித்தான் கண்டுபிடிக்க முடியும். பொதுவில் கிடைக்கும் வான்படங்களில், அலுவலக நேரம் போக, ஒரு வருடமாக எண்ணினோம். ஓரிடம் கிடைத்தது. முப்பத்தொரு விண்மீன்கள். பெரிய தொலைநோக்கி ஒன்றில் அதைப் பார்த்துச் சொல்ல ஒரு குழு ஒப்புக்கொண்டு, இன்று உறுதி கேட்டிருந்தது. தவறான இடத்தைக் கொடுத்தால் அடுத்த முறை எங்கள் கடிதத்தை யாரும் பிரிக்கமாட்டார்கள்.

என் குழப்பம் இதுதான்: அவை உருண்டையாகக் கூடாமல் நீளப் பட்டையாக நின்றன. பால்வெளியின் ஈர்ப்பு இழுத்து நீட்டியிருக்கும் என்றாள் செல்வி. இருக்கலாம். ஆனால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோலவா?

கேளம்பாக்கம் வரை 9 கி.மீ., பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து. அங்கிருந்து கோவளத்துக்கு ஷேர் ஆட்டோ, 20 ரூபாய்.

"லேப்டாப்ப தூக்கிகினு கடலாண்ட போறியே, வேலையா, ஜாலியாமா?" என்றார் ஓட்டுநர்.

"தெரியலண்ணா."

"அப்போ ரெண்டும் இல்ல."

கோவளத்தில் ஒரு பேருந்து, மாமல்லபுரத்தில் இன்னொன்று.

காலை 8.40, சதுரங்கப்பட்டினம். டச்சுக் கோட்டையைத் தாண்டினால் கடற்கரை. செல்வியின் மாமா மகன் மணியின் படகு அப்போதுதான் கரையேறியிருந்தது. நீலத் தார்ப்பாயில் கானாங்கெளுத்தி மீன்கள் பரப்பிக் கிடந்தன.

"சும்மாதான நிக்கிறீங்க, எண்ணுங்க," என்றான் மணி.

மீனைத் தொட எனக்கு மனம் வரவில்லை. தார்ப்பாயின் இரு பக்கமும் நின்று கைப்பேசியில் இரண்டு படம் எடுத்தேன். திரையில் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு புள்ளி வைத்தேன். முதல் படத்தில் முப்பத்தெட்டு, அடுத்ததில் முப்பத்துமூன்று. எழுபத்தொன்று என்றேன்.

"வலையிலேந்து எடுக்க சொல்லோ எண்ணுனேன், அறுவத்திரண்டு. வர வழில குட்டி போட்டுச்சா?"

"போட்டோ வச்சு எண்ணினேன். தப்பு வராது."

மணி கைப்பேசியை வாங்கி இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "வால் பிஞ்ச இந்த மீனு இதுலயும் கீது, அதுலயும் கீது. இன்னா மேடம், நடுவுல கீறத ரெண்டு தபா எண்ணிகினு..."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

காலை 9.15. கோட்டைச் சுவரின் நிழலில் மடிக்கணினியைத் திறந்தோம். இரண்டு வான்படங்களின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில்தான் எங்கள் பட்டை இருந்தது. அங்கே இரட்டிப்பாக வருவதை நீக்க நிரல் எழுதியிருந்தோம். ஆனால் ஒரு படம் மயிரிழை நகர்ந்திருந்ததால், ஒரே விண்மீன் இரண்டாகப் பதிவாகியிருந்தது. ஒவ்வொன்றாக இணை சேர்த்தோம். பதினைந்து ஜோடி, தனியாக ஒன்று. ஆகப் பதினாறு. அக்கம்பக்கத்திலும் அவ்வளவுதான்.

"அந்த ஒண்ணு மட்டும் ஏன்டி தனியா கீது?" என்றாள் செல்வி.

11.25. எங்கள் எண்ணிக்கை தவறு, அந்த இடத்தைப் பார்க்க வேண்டாம் என்று எழுதினோம். இரண்டு முறை படித்துவிட்டுச் செல்விதான் அனுப்பினாள்.

"இன்னாச்சு? அந்த நட்சத்திரக் கூட்டத்துக்கு என் பேர வெக்கிறேன்னு சொல்லிகினு இருந்த?" என்றான் மணி, செல்வியிடம்.

"அப்படி ஒண்ணு இல்லவே இல்லயாம் மச்சான்."

மணி அவள் முகத்தைப் பார்த்தான். மீன் கூடையிலிருந்து ஒரு பையை நிரப்பி என்னிடம் நீட்டினான். "நாலு கீது, மேடம்."

திரும்பும் பேருந்தில் வலப்பக்கம் கடல் வந்து வந்து மறைந்தது. குழப்பம் தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. அந்தப் பதினாறும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. இல்லாத ஒன்று இல்லை என்று ஆன பிறகும், அந்த நான்கு பக்கக் குறிப்பை ஏன் மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கிறேன்?

மாலை 4.10, நாவலூர், பதினோராவது மாடி. பையைச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தேன். மீன்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து, இடமிருந்து வலமாக வைத்து எண்ணினேன்.

நாலு.